அது எழுந்திருக்கும் வரை

அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் காலையில் கண் விழிப்பதற்குள் ஒரு ஆள் குளித்துவிட்டு வந்துவிடலாம். நிதானமான ஆளாக இருந்தால் தலைக்கே குளிக்கலாம். பொத்தானை அமுக்கினால் முதலில் விசிறி ஒரு பெருமூச்சு விடும். பிறகு கறுப்புத் திரை. பிறகு ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்று, படங்கள் ஒவ்வொன்றாக முளைத்து, மவுஸ் அசைந்து கொடுப்பதற்குள் வீட்டுக்காரரின் பொறுமை போய்விடும். அவருக்குப் பொறுமை என்று ஒன்று இருந்ததாக வைத்துக்கொண்டால்.

வீட்டுக்காரரை உறவில் எல்லோரும் ஆபீசர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதுக்கு எட்டாத இடத்தில். ஒரு நிறுவனத்தில் செக்‌ஷன் தலைவராக இருந்தவர். கீழே வேலை பார்த்தவர்கள் ஒன்று சேர்ந்து அவரை வெளியே அனுப்பிவைத்தார்கள். அங்கே செலவாகாமல் மிச்சமிருந்த அதிகாரத்தை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டியிடம் செலவழித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. கதை சொல்கிறவர்கள் நடுநிலையாக இருக்க வேண்டுமாம், இருக்கிறவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் தொழில். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். பதிவுகள் காலையில் வந்து விழும். முந்திக் கை வைக்கிறவர்களுக்குத் தெளிவாகப் பேசும் டாக்டர்கள் கிடைப்பார்கள். பிந்தியவர்களுக்கு வாய்க்குள்ளேயே முனகுகிறவர்கள்தான். அடிப்பது மனைவி. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பது ஆபீசர்.

வேலை நேரத்தில் அவள் போனைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா இப்படித்தான் அரட்டை அடிப்பியா?" என்பார். ஆபீஸில் அவரே அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று அவருடைய பழைய சகாக்கள் சொல்வார்கள். ஒரே ஒரு சலுகை மட்டும் கொடுத்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள்? "அது எந்திரிக்கிற வரைக்கும் பேசிக்கோ. எந்திரிச்சதும் வச்சிடணும்."

அவள் பேசுவது அம்மாவிடம். அம்மா அக்கா வீட்டில் இருந்தாள். மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. காலையில் தூங்கி எழுந்ததும் கொஞ்ச நேரம் மட்டும் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியும். பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, கட்டிலில் வந்து உட்காரும்போது மகள்கள் இரண்டு பேரும் அவளுக்குச் சொந்த மகள்கள். வெயில் ஏற ஏற அக்காவையே, "நீங்க இந்த வீட்ல வேலை பாக்குறீங்களாம்மா?" என்று மரியாதையாக விசாரிப்பாள். அம்மா எழுந்து தெளிவாக இருக்கும் அந்த நேரமும், இங்கே கம்ப்யூட்டரைப் போடும் நேரமும் ஒன்றாக அமைந்தது அவள் செய்த புண்ணியம்.

அக்கா போனை அம்மாவின் காதில் வைப்பாள்.

"யாரு, சின்னவளா? ஏண்டி, குரல் இளைச்சிருக்கே. சாப்பிடுறியா இல்லியா?"

குரல் எப்படி இளைக்கும் என்று அவள் சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் சிரிப்பது அப்போதுதான். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், அக்கா மாற்றிய திரைச்சீலை. படங்கள் முளைக்கத் தொடங்கியதும் ஆபீசர் மேஜையில் விரலால் தட்டுவார். "வைக்கிறேன்மா" என்பாள். "நாளைக்குக் கூப்பிடுவேல்ல?" என்பாள் அம்மா. அவ்வளவுதான். அந்த நாளின் மிச்சத்தை அவள் அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவாள்.

ஆனால் கம்ப்யூட்டர் தானாக மந்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். அது அவள் கைவரிசை.

தொடக்கம் தற்செயல்தான். ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றியபோது, கம்ப்யூட்டர் கிளம்பும்போது நானும் கூடவே கிளம்பட்டுமா என்று அது கேட்டது. அவள் சரி என்று டிக் போட்டுவிட்டாள். மறுநாள் வட்டம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றியது. அம்மா நாய்க் கதையை முழுதாகச் சொல்லி முடித்தாள். அன்றைக்கு டைப் அடிக்கும்போதுதான் அவளுக்கு அந்த விஷயம் உறைத்தது.

அதற்குப் பிறகு கூடவே வரட்டுமா என்று கேட்ட எதையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வானிலை சொல்லும் ஒன்று. ஆட ஆளில்லாத சதுரங்கம் ஒன்று. உடைந்துபோய் என்றைக்கோ குப்பைக்குப் போன பிரிண்டருக்கு விசுவாசமாக ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் மாதிரி ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு இரண்டு வைரஸ் காவல்கள். ஆபீசர் மதியம் குறட்டை விடும்போது ஒவ்வொன்றாக ஏற்றிவைத்தாள். காலையில் அத்தனையும் சேர்ந்து வாசலில் முண்டியடிக்கும், கம்ப்யூட்டர் திணறும், அம்மா பேசுவாள்.

முனகுகிற டாக்டர்களே தொடர்ந்து கிடைக்கவும் ஆபீசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தம்பியை வரச் சொன்னார்.

தம்பி, அவளுக்குக் கொழுந்தன், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். செத்த கம்ப்யூட்டரையும் எழுப்பி உட்காரவைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். கெட்டவன் இல்லை. அண்ணி மேல் பாசம்கூட உண்டு. ஆனால் தன்னைப் பற்றி அவன் வைத்திருந்த மதிப்புக்கு முன்னால் பாசமெல்லாம் இரண்டாம் பட்சம்தான். பெட்டியைப் பிரித்தான், தூசி தட்டினான், நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு எது எது தானாகக் கிளம்புகிறது என்று பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்ன அண்ணி, ஒரு ஊரையே குடி வச்சிருக்கீங்க?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி? அதுவா வருது" என்றாள்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போனான். மறுநாள் அம்மா, "யாரு, சின்னவளா?" என்று முடிப்பதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது. ஆபீசரின் விரல் தட்டியது. "ஏண்டி வைக்கிறே? நான் என்ன தப்பா பேசினேன்?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைக்க வேண்டியதாயிற்று. அன்று மதியம் குறட்டைச் சத்தம் கேட்டதும் அவள் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே விட்டாள். ஆத்திரத்தில் புதிதாக ஒரு ரேடியோவையும் சேர்த்தாள்.

ஆபீசர் தம்பியைப் போனிலேயே கிழித்துத் தொங்கவிட்டார். அடுத்த விடுமுறை நாளில் அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்தியது தானாகத் திரும்பி வராது. யாரோ உட்கார்ந்து திருப்பிவைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே தகராறு.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தான்.

"அண்ணி, நீங்கதானே?"

அவள் மறைக்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குத் தெளிவு இருக்கிற நேரம் குறைந்துகொண்டே வருவதைச் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நாள்ல காலையிலயும் என்னைத் தெரியாமப் போயிடும். அது வரைக்கும் விட்டுடுங்க தம்பி. உங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன், ஆபீஸ்ல இருந்தா பேசுவியான்னாரு. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்." சோப்பு நுரையோடு கும்பிட்டாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. "சே, என்ன அண்ணி இது, கையை இறக்குங்க. மதர்போர்டு பழசு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிடுறேன். நீங்க நிம்மதியா இருங்க" என்றான். அவளுக்கு உயிர் வந்தது. டீ போட்டாள். அவனுடைய டம்ளரில் சர்க்கரை தாராளமாகவே விழுந்தது.

தம்பி கூடத்துக்குப் போய், சொன்ன வாக்குப்படி சொன்னான். "பழசாயிடுச்சு அண்ணா. ஒண்ணும் பண்றதுக்கில்ல."

ஆபீசர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லவா ரெண்டு தடவை வந்தே? செத்ததை எழுப்புவேன்னு தம்பட்டம் அடிச்சே. உயிரோட இருக்கிறதையே எழுப்ப முடியல."

"இல்லண்ணா, போர்டு..."

"விடு விடு. எதிர்த் தெருவுல ஒரு பையன் புதுசா கடை போட்டிருக்கான். உன்கிட்ட முன்னாடி ஸ்க்ரூ முடுக்கிட்டு இருந்தவன்தானாமே. அவனைக் கூப்பிட்டுக்கிறேன். அவனுக்காவது தொழில் தெரியுதான்னு பாப்போம்."

டீ டம்ளர்களோடு அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் காது மடல் சிவப்பதைப் பார்த்தாள். வேண்டாம் தம்பி என்று மனசுக்குள் கெஞ்சினாள். தம்பி அவளை ஒரு தடவை பார்த்தான், பிறகு பார்க்கவில்லை.

"எனக்காண்ணா தொழில் தெரியாது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், வேடிக்கை மாதிரி. "உங்க வீட்டுக்காரம்மா உங்களுக்கே தண்ணி காட்டுறாங்க, அது தெரியுமா உங்களுக்கு? நான் நிறுத்த நிறுத்த அவங்க திருப்பிப் போடுறாங்க. அம்மாகிட்ட பேசணுமாம். பாருங்களேன், என்னா மூளை! கடைக்கு வரச் சொல்லுங்க, வேலை போட்டுத் தரேன்."

ஆபீசர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தம்பியும் சேர்ந்து சிரித்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் டம்ளர்களை இருவர் முன்னாலும் வைத்தாள். ஒன்றிலிருந்து டீ கொஞ்சம் சிந்தியது.

"துடைச்சிடு" என்றார் ஆபீசர்.

துடைத்தாள். அன்றே பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான புது டிஸ்க் ஒன்றை மாட்டச் சொன்னார். இனி அவர் கடவுச்சொல் போடாமல் எதையும் ஏற்ற முடியாதபடி பூட்டவும் சொன்னார். தம்பி தலையைக் குனிந்தபடி வேலையைச் செய்தான். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. போகும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, வாய் தவறி..." என்றான். சர்க்கரை அதிகமாகப் போட்டதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆபீசர் பெருந்தன்மையாக இருந்தார். "நான் ஒண்ணும் அரக்கன் இல்ல. வேலை முடிஞ்சதும் சாயங்காலம் பேசு. யாரு வேணாங்கிறா? எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு."

"சாயங்காலம் அம்மாவுக்கு என்னைத் தெரியாதுங்க."

"உனக்கு அவங்களைத் தெரியுமில்ல? அது போதும்" என்று தட்டிலேயே கை கழுவினார்.

காலையில் பொத்தானை அமுக்கினாள். விசிறி பெருமூச்சுகூட விடவில்லை. கண்ணைச் சிமிட்டுவதற்குள் படங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. எடுத்த போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அது அதிர்ந்தது. அக்காதான். ஆபீசர் கையை நீட்டி அதை அணைத்துவிட்டு, ஹெட்போனை எடுத்து அவள் மடியில் போட்டார். அன்றைக்குத் தெளிவாகப் பேசும் டாக்டர்கள் கிடைத்தார்கள். வயதான ஒரு நோயாளி உறவினர்களை அடையாளம் காண்பதில்லை என்று ஒருவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவள் பிழையில்லாமல் அடித்தாள்.

சாயங்காலம் ஆபீசரே போனை எடுத்து, எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "பேசு. ஆற அமரப் பேசு."

அக்காதான் எடுத்தாள். "காலையில ஏண்டி கூப்பிடல? நானே கூப்பிட்டேன், எடுக்கவும் இல்ல. இன்னிக்கு ரொம்பத் தெளிவா இருந்தாங்க. மடியில போனை வச்சுக்கிட்டு சின்னவ கூப்பிடுவா, சின்னவ கூப்பிடுவான்னு உட்கார்ந்திருந்தாங்க. இப்ப வேணாண்டி."

"குடு அக்கா."

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"அம்மா. நான்தாம்மா. சின்னவ."

"யாருங்கம்மா பேசுறது?" என்றாள் அம்மா. மரியாதையான குரல், வெளியாட்களுக்கென்று வைத்திருக்கும் குரல்.

"நான்தாம்மா. குரல் தெரியலையா? இளைச்சிருக்கா பாருங்க."

ஆபீசர் களுக்கென்று சிரித்தார். "பாத்தியா, அடையாளமே தெரியல. இதுக்குத்தான் அவ்வளவு தில்லுமுல்லா?"

"நீங்க யாரோ தெரியல, தப்பா நினைக்காதீங்க" என்றது ஸ்பீக்கர். "கொஞ்சம் போனை வச்சிடுறீங்களாம்மா? என் சின்னப் பொண்ணு கூப்பிடுற நேரம். அவளுக்குப் பேசக் கிடைக்கிறதே கொஞ்ச நேரம்தான். லைன் கிடைக்கலைன்னா பாவம், தவிச்சுப் போயிடுவா."

அவள் வைத்துவிட்டாள்.