சுதி ஏறும் இடம்

 பாடகி குன்வோரும் ஸ்டெல்லானும் ஜோடியாகப் பாட ஆரம்பித்து இருபது வருஷம். ஸ்வீடனில் அவர்கள் மேடையேறாத பூங்கா இல்லை. ஆனால் எந்தப் பூங்காவிலும் கூட்டம் காத்திருப்பது ஒரே இடத்துக்குத்தான். ‘ஜூலையில் வா’ பாட்டின் கடைசியில் சுதி ஒரு படி ஏறி, இருவரும் சேர்ந்து உச்சியில் போய் நிற்பார்கள். சுதி ஏறாத பாட்டை அந்த ஜனங்கள் பாட்டிலேயே சேர்ப்பதில்லை.

அந்த உச்சி குன்வோருக்குப் போன வருஷமே எட்டாமல் போய்விட்டது. வாயை மட்டும் அழகாகத் திறப்பாள்; ஸ்டெல்லான் பாடிச் சமாளித்துவிடுவான். பாவம், எத்தனை நாளைக்கு அவன் தலையில் கட்டுவது? இன்றைக்குக் கச்சேரி முடிந்ததும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

ஆகஸ்ட் மாதம். பூங்கா நிர்வாகியின் மூளையில் ஒரு யோசனை உதித்திருந்தது: பாட்டோடு சேர்த்து இறால் விருந்து. அந்த விருந்தின் வழக்கப்படி காகிதத் தொப்பியும் கழுத்தில் துண்டுமாக ஊரே மேஜைகளில் உட்கார்ந்து, ஆற்று இறாலின் ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மேடையில் ‘ஜூலையில் வா’ கடைசிக்கு வந்து, சுதி ஏறியது. குன்வோர் வாயைத் திறந்தாள். ஸ்டெல்லானும் திறந்தான். சத்தமே இல்லை. டிரம் மட்டும் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

“ஏய், நீ பாடலையா?”

“நீதானே பாடுவே?” என்றான் ஸ்டெல்லான்.

“நான் எங்க பாடினேன்? எனக்குப் போன வருஷமே போச்சு.”

“எனக்கு அதுக்கும் முன்னாடி. நீ இருக்கேங்கற தைரியத்துல வாயசைச்சுட்டு இருந்தேன்.”

“அப்ப இத்தனை நாளா யாருடா பாடினது?”

இருவரும் கூட்டத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் பாடியவர்கள் வாய் நிறைய இறாலோடு விழித்தார்கள். மைக் அத்தனையையும் ஒலிபரப்பியிருந்தது. முன்னால் இருந்த பெரியவர் அவசரமாக விழுங்கினார்.

“மன்னிச்சுக்குங்க. வாயில இருந்துச்சு.”

குன்வோருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னிக்கு உன்னை விட்டுப் போறதா இருந்தேன்டா.”

“நல்லா இருக்கே. நீ போயிட்டா நான் யாரோட சேர்ந்து பாடாம இருக்கறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடார்காரரிடம் திரும்பினாள். “சுதியை இறக்குங்க.”

“இறக்கறதா?” அவர் காதில் அப்படியொரு வார்த்தை விழுந்ததே இல்லை.

“நல்லாவே இறக்குங்க.”

சுதி இறங்கியது. ஊரே கை கழுவாமல் எழுந்து நின்று பாடியது. அதற்கு நடுவில் தன் குரலும் ஸ்டெல்லானின் குரலும் கேட்பதைக் குன்வோர் கவனித்தாள்.