எடுத்தவர் பெயர்

"உங்க மேல குழுவுக்கு வந்த அந்த மொட்டைக் கடுதாசி உங்க ஆளுங்க வேலைதான் மார்ஜரி." நூலகக் குழுத் தலைவர் ப்ரூபேக்கர் அறைக் கதவைச் சாத்தினார். "மேலதிகாரியைக் கவுக்குறது எப்படின்னு உங்ககிட்ட ஒரு புஸ்தகம் இருக்கு. அதுல உள்ள வரிங்க அப்படியே கடுதாசில வந்திருக்கு. அதை இப்ப எடுத்து வெச்சிருக்கறது யாருன்னு பாருங்க. அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்."

மார்ஜரி ஸ்டோவரை இயக்குநராக நீடிக்க விடுவதா என்று ஏழு மணிக்குக் குழுவில் ஓட்டெடுப்பு.

ஓஹையோவின் அந்தச் சிறு நகரில் புத்தகம் அடுக்கும் வேலையில் தொடங்கியவர் அவர். யார் என்ன படித்தார்கள் என்று கேட்டு வந்த போலீஸ்காரரிடம் கவுன்டரில் நின்று முடியாது என்றார். அன்றுதான் ஊரில் அவருக்குப் பெயர் வந்தது. இயக்குநரானதும் அதையே விதியாக்கினார். புத்தகம் திரும்பிய நொடியில் எடுத்தவர் பெயர் கணினியிலிருந்து அழிந்துவிடும். அதற்கு முன் கோர்ட் உத்தரவில்லாமல் எட்டிப் பார்த்தால் வேலை போகும்.

ப்ரூபேக்கர் போனபின், மார்ஜரியின் திரையில் அந்தப் புத்தகம்: 'வெளியே உள்ளது'. இன்னும் ஒரு தட்டு, பெயர் வந்துவிடும்.

துணை இயக்குநர் கோராவாகத்தான் இருக்கும். இரண்டு வாரமாக இவர் தலையைக் கண்டாலே பேச்சை நிறுத்துகிறாள்.

விரல் இறங்கியது. தொடுவதற்குள் வரி மாறியது: 'திரும்பியது'.

மார்ஜரி கவுன்டருக்கு விரைந்தார். கோரா கையில் அதே புத்தகம்.

"யார் கொண்டு வந்தாங்க?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிக் குடுத்தது நீங்கதானே." கோரா குரலைத் தாழ்த்தினாள். "யார் யார் எந்தப் பேரைத் திறந்து பார்த்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமான்னு ப்ரூபேக்கர் மத்தியானம் நம்ம கம்ப்யூட்டர் ஆளைக் கேட்டார். முடியுமாம்."

அந்த ஒரு தட்டைத் தட்டியிருந்தால் மார்ஜரியின் விதியே அவரை வெளியே தள்ளியிருக்கும்.

ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

"பேரு?"

"புஸ்தகம் வந்துடுச்சு. பேரு போயிடுச்சு."

"முன்னாடியே பார்த்திருப்பீங்களே."

"பார்க்கல. கம்ப்யூட்டர் ஆளைக் கேளுங்க. அவர்கிட்டதான் பேச்சுவார்த்தை நடக்குதாமே."

இணைப்பு அறுந்தது.

ஏழு மணி ஓட்டில் நாலுக்கு மூன்று. நாற்காலி தப்பியது. கூட்டம் கலைந்ததும் மார்ஜரி நேரே கவுன்டருக்கு வந்தார்.

"கோரா, அந்தப் புஸ்தகத்தை என் கார்டுல போடு."

"நீங்க எதுக்கு அதை..."

"இன்னும் மூணு ஓட்டு எனக்கு எதிரா இருக்கே. அதுபோக, அதை யாரோ எனக்கு முன்னாடியே படிச்சிருக்காங்க."

கோரா சிரிக்கவில்லை. திரையை மட்டும் மார்ஜரி கண்ணில் படாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.