வாலில் ரெண்டு ரூபாய்

முப்பது வயதைத் தாண்டியும் காத்தாடி விடுகிற ஆம்பிளை முத்தாபுதுப்பேட்டையில் ஒருத்தன்தான் இருந்தான். அவனைத்தான் தாயம்மா கட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் தலையெழுத்து என்று ஊரே சொன்னது. அவளும் சொன்னாள், ஊரைவிடச் சத்தமாக.

"கொழந்தையாய்யா நீ? மூட்டை தூக்கற தோளுக்கு நூலு இன்னாத்துக்கு? ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும்மே. அவுங்க சிரிக்கறதுக்கு நம்ம காசா செலவாவுது?" என்பான் வேம்புலி.

நம்ம காசுதான் செலவானது. அது அவனுக்கும் தெரியும். யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் ஆவடியில் பெரிய கிடங்கு போட்டிருந்தான். அங்கே லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை வேம்புலிக்கு. சனிக்கிழமை மத்தியானம் கூலி. அதை அப்படியே கொண்டுவந்து தாயம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் முதலில் கடனுக்கு ரெண்டு ரூபாயை எடுத்து முந்தானையில் முடிவாள். அப்புறம் அரிசி, மண்ணெண்ணெய், எருமைக்குப் புண்ணாக்கு. கடைசியில் காத்தாடிக்கு ரெண்டணா. பால் ஊற்றப் போகும்போது கிடங்கு வாசல் கடையில் அவள் குடிக்கிற டீக்கும், தொட்டுத் தின்கிற பொறை ரொட்டிக்கும் ஓரணா. அரிசி குறைந்த வாரத்தில்கூட அந்த மூணணாவை அவள் தொட்டதில்லை.

"கடன்காரங்களுக்குப் பொறை இன்னா, காத்தாடி இன்னா?" என்று பக்கத்து வீட்டு அங்கம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"மூணணாவ நிறுத்தினா கடன் சீக்கிரம் தீரும்தான். அதுக்குள்ள நாங்க தீந்துபூடுவோம். போய் உன் அடுப்பப் பாருடி!"

அவளுக்குத்தானே தெரியும், அந்தக் கடன் எப்படி வந்தது என்று. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்தாள். வேம்புலி பெரிய வீட்டுப் பரந்தாமன் வாசலுக்கு ஓடினான். அந்த வீட்டில் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். "வெளக்கு வெச்சப்புறம் இந்த ஊட்டுக் காசு வாசப்படி தாண்டாது. காலைல வா" என்றார் பரந்தாமன். வேம்புலி காலில் விழுந்தான். அழுதான். காசு தாண்டவில்லை. காலையில் அறுபது ரூபாய் கொடுத்தார். தாயம்மா பிழைத்து வந்தாள், பிள்ளை வரவில்லை.

அறுபது ரூபாய்க்கு எருமை அடமானம். ஒவ்வொரு சனிக்கிழமையும் விளக்கு வைப்பதற்குள் வட்டி மட்டும் ரெண்டு ரூபாய் அவர் வாசலுக்குள் வந்தாக வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் எருமை பெரிய வீட்டுத் தொழுவத்துக்குப் போய்விடும் என்று தலையாரி உலகநாதன் முன்னால் பேச்சு. தாயம்மா ஒரு வாரமும் தவறியதில்லை. அந்த எருமைப் பாலை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. எருமை போனால் அவர்கள் குடித்தனமே போனது போலத்தான்.

பிள்ளை போன பிறகு வேம்புலி ஒரு மாசம் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஒருநாள் ஏரிக்கரைப் பனையில் சிக்கிக் கிழிந்திருந்த காத்தாடி ஒன்றை எடுத்துவந்து, பசை காய்ச்சி ஒட்டி, மேலே ஏற்றினான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் வந்து, "இன்னா கொழம்பு?" என்று கேட்டான். தாயம்மா அடுப்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மறுவாரத்திலிருந்து ரெண்டணா ஒதுக்கினாள். திட்டுவதையும் அன்றைக்கே ஆரம்பித்தாள். அது அவள் உரிமை.

சாயங்காலம் கடல்காற்று இறங்கினால் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். ஏரிக்கரையில் ஏற்றிய காத்தாடி நேராகப் போய்ப் பெரிய வீட்டுக்கு மேலேதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பரந்தாமன் நாற்காலியில் சாய்ந்தால் மேலே ஒரு சிவப்புக் காத்தாடி. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவரிடம் கடன்பட்டவன் தலை குனிந்து போகவேண்டியவன் அல்லவா? இவன் அவர் தலைக்கு மேலேயே வால் ஆட்டுகிறான்! அது அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தாயம்மா வழக்கம்போலப் பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, அவள் சாதி தாண்டக்கூடாத வெளிக்கல்லின் மேல் ரெண்டு ஒற்றை ரூபாய் நோட்டை வைத்தாள். யுத்தம் வந்ததிலிருந்து வெள்ளி ரூபாய் கண்ணில் படுவதில்லை, எல்லாம் காகிதம்தான். பரந்தாமன் முன்வாசலைத் தாண்டி வந்து கைத்தடியால் நோட்டைக் கீழே தள்ளினார்.

"எடுத்துகினு போ. கடன் வாங்கினவன் என் தலைக்கு மேல காத்தாடி உடறானா? அந்தக் கருமத்தைக் கொளுத்திட்டு வந்து சொல்லு. அப்புறம் காசை வாங்கறேன்."

"ஆண்டே, பேசினபடி காசு வந்துடுச்சு. நீங்க வாங்கிக்கணும்."

"கல்லு மேல வெச்சா என் வாசலுக்குள்ள வந்ததா ஆயிடுமா? வெளக்கு வைக்கிறதுக்குள்ள காத்தாடியோட சாம்பல் வரணும். இல்லே, எருமை வரணும்."

போகிற வழியில் அவள் தலையாரி உலகநாதனைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்தவன். "கண்ணால பாத்ததை எங்கே வேணா சொல்லுவேன் தாயம்மா. பாக்காததை நான் எப்படிச் சொல்றது?" என்றான்.

"அப்ப வெளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரிய ஊட்டாண்ட வா, அண்ணாத்தே. பாக்கலாம்."

என்ன பார்க்கப் போகிறான் என்று அப்போது அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து வேம்புலியிடம் சொன்னாள். அவன் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் காத்தாடியை எடுத்தான். அடுப்பின் முன்னால் குந்தினான்.

"போனா போவட்டும் தாயி. காத்தாடிதானே."

பழைய குரல் அது. சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாசத்துக் குரல். தாயம்மா பாய்ந்து காத்தாடியைப் பிடுங்கினாள்.

"நான் கொளுத்தச் சொன்னா கொளுத்துய்யா! ரெண்டு வருசமா தொண்டை கிழியக் கத்தறேன், கேட்டியா? அந்த ஆளு ஒரு தபா சொன்னதும் அடுப்பாண்ட வந்துட்டியே! உன்னைத் திட்டறதுக்கு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் பாத்தியதை கீது."

"எருமை போயிடும்மே."

"போவாது. காசு அவுரு வாசலுக்குள்ள போவணும், அவ்ளோதானே? அந்த வாசலுக்குள்ள நாம காலு வெக்க முடியாது. உன் காத்தாடி போவும்."

வேம்புலி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளோ அதற்குள் பழைய புடவையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, ரெண்டு நோட்டையும் மடித்து வைத்துக் காத்தாடி வாலில் முடிந்துகொண்டிருந்தாள்.

"நேரா முன்வாசல்ல எறக்குவியா?"

"காத்து இருந்தா உன் கொண்டையிலகூட எறக்குவேன்" என்றான் அவன். குரல் திரும்பி வந்திருந்தது.

"கரை மேலேருந்து பாத்துகினே இரு, நான் வெளிய நின்னு கைய தூக்கற வரைக்கும் எறக்காதே. சீக்கிரமும் கூடாது, லேட்டும் கூடாது."

சிவப்புக் காத்தாடி ஏரிக்கரையிலிருந்து கிளம்பியது. சனிக்கிழமையில் காத்தாடியா என்று தெருவில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வாலில் என்னவோ முடிச்சு இருப்பதைப் பார்த்து ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அங்கம்மாகூட வந்தாள். தலையாரி உலகநாதன் வியர்வையைத் துடைத்தபடி ஓரமாக நின்றான். தாயம்மா பெரிய வீட்டு வெளிக்கல்லருகே நின்று உள்ளே பார்த்தாள். பரந்தாமன் நாற்காலியில் இருந்தார். தலைக்கு மேலே காத்தாடியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"என்ன திமிருடி உனக்கு! எருமையை ஓட்டிகினு வான்னா, காத்தாடியை ஓட்டிகினு வந்திருக்கியா?"

தாயம்மாவின் கண் உள்கட்டுக் கதவிலேயே இருந்தது. பொழுது இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம் காற்று செத்தது. காத்தாடி வேப்பமரத்தின் மேல் சரிந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது. கரையில் நின்ற வேம்புலி விறுவிறுவென்று நூலை இழுத்து அதைத் தூக்கி நிறுத்தினான்.

உள்கட்டுக் கதவு திறந்தது. பரந்தாமனின் பெண்டாட்டி பொன்னம்மாள் ஏற்றிய விளக்கைக் கையில் ஏந்தி, காற்றுக்கு மறைத்துக்கொண்டு, துளசி மாடத்தை நோக்கி வந்தாள்.

தாயம்மா கையைத் தூக்கினாள்.

நூல் தளர்ந்தது. காத்தாடி அப்படியும் இப்படியும் ஆடி இறங்கி, பரந்தாமனின் காலடியில் வந்து படுத்தது. பொன்னம்மாள் ஒரு விநாடி திகைத்து நின்றுவிட்டு, போய் மாடத்தில் விளக்கை வைத்தாள்.

"பாத்தியா, அண்ணாத்தே?" என்று தாயம்மா உரக்கக் கேட்டாள். "வெளக்கு மாடத்துல வைக்கிறதுக்கு முன்னாடி காசு வாசலுக்குள்ள வந்துச்சா இல்லியா?"

உலகநாதன் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். "வந்துச்சு. கண்ணால பாத்தேன்" என்றான்.

பரந்தாமன் நூலை அறுத்தார். வாலைப் பிய்த்து முடிச்சைக் கையில் எடுத்தார். அதைத் தெருவில் வீசக் கையை ஓங்கினார்.

"இன்னாங்க பண்றீங்க!" பொன்னம்மாள் பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெளக்கு வெச்சாச்சு. வெளக்கு வெச்சப்புறம் இந்த ஊட்டுக் காசு வாசப்படி தாண்டுமா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த வார்த்தை அவருடையதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று வேம்புலியிடம் சொன்னது. பொன்னம்மாளுக்கும் அது ஞாபகம் வந்ததோ என்னவோ, வெளியே நின்ற தாயம்மாவை ஒருமுறை பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முடிச்சை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தாயம்மாவுக்கு அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆண்டே என்று கூப்பிடவும் வாய் வரவில்லை.

"ஐயா, காசுதானே வெளிய வரக்கூடாது? காத்தாடி வரலாமில்ல?" என்று கையை நீட்டினாள். "குடுங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமை."