சுவர் தாண்டி வந்த விடைகள்

விஜயகலாவோடு பேசுவதில்லை என்று ஜூலியட் முடிவெடுத்து ஒன்பது நாளாகிவிட்டது. கேகாலை பஸ்ஸில் பையை வைத்து இடம் பிடித்த விஜயகலா, அந்த இடத்தைக் கூடப் படிக்கும் ஜெஸீமாவுக்குக் கொடுத்தாள். ஜூலியட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் யார் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவள்தான் தோற்றவள் என்பது, இருவரும் சொல்லிக்கொள்ளாமலே போட்டுக்கொண்ட சட்டம்.

இன்றைக்கு வந்து சேர்ந்தது வினை. இரண்டு சமாந்தரக் கோடுகள், அவற்றை வெட்டிப் போகும் குறுக்கோடி, அதில் ஏழு கணக்குகள். நாளைக்கு ஜூலியட்தான் கரும்பலகைக்கு வர வேண்டும் என்று டீச்சர் பெயர் சொல்லியே அறிவித்துவிட்டார். ஒன்பதாம் தரத்தில் கோணம் என்றால் விஜயகலாதான். அவளோ தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் அடுத்த காம்பராவில் இருக்கிறாள். லயத்தின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

விஜயகலாவின் பலவீனம் ஒன்று ஜூலியட்டுக்குத் தெரியும். பிழையான விடை காதில் விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் அம்மா ரோசலின். ஜூலியட் கணக்குக் கொப்பியோடு அவள் முன்னால் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அம்மா, ரெண்டு கோட்டுக்கும் உள்ள, குறுக்கோடிக்கு ஒரே பக்கமா ரெண்டு கோணம் இருக்கு. ஒண்ணு அறுபத்தஞ்சு பாகை. அப்ப மத்ததும் அறுபத்தஞ்சுதானே?"

அம்மா ஒன்றும் விளங்காமல் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். ஜூலியட் அறுபத்தைந்தைப் பாட்டுப்போல் இன்னொரு தரம் இழுத்தாள். பாத்திரம் ஒன்று நங்கென்று வைக்கப்பட்டது. பிறகு விஜயகலா தன் பூனையிடம் பேசத் தொடங்கினாள்.

"கேட்டியா பூன, சில பேருக்கு நேயக் கோணம்னா என்னான்னே தெரியாது. ரெண்டையும் கூட்டினா நூத்தியெண்பது வரணும். நூத்திப் பதினஞ்சு."

ஜூலியட் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டாள்.

இப்படியே ஆறு கணக்கும் சுவரேறி வந்தன. ஒவ்வொரு தடவையும் பூனைக்குத் திட்டு விழுந்தது. நம்பும்படியாகப் பிழை சொல்வதற்கு, சரியானது எதுவாக இருக்கும் என்று ஜூலியட் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்தக் குரலில் திட்டு வாங்குவது ஏன் இத்தனை சுகமாக இருக்கிறது என்பதை மட்டும் அவள் யோசிக்க விரும்பவில்லை.

ஏழாவதை வாசிக்குமுன் விஜயகலாவே முந்திக்கொண்டாள்.

"கடைசிக் கணக்க நானே சொல்றேன் பூன. கோடு இசட் மாதிரி போகுது. ஒரு மூலையில எழுபது. அப்ப மத்த மூலையில நூத்திப் பத்து."

நூற்றுப் பத்தில் பாதி எழுதிய பென்சில் நின்றது. ஜூலியட் படத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"லூசு, அது ஒண்ணுவிட்ட கோணம்டி. ரெண்டும் எழுபதுதான்."

அம்மாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"மொதல்ல பேசுனது யாரு?"

"நான் பூனகிட்டதான் சொன்னேன்."

"பூன என் மடியில தூங்குது."

ஜூலியட்டின் காது சுட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கொப்பியில் பாதி நூற்றுப் பத்தை அழித்து, எழுபது என்று அழுத்தி எழுதினாள் ஜூலியட். யாரும் கொடுக்காத விடை. தோற்றால் வலிக்கும் என்று நினைத்திருந்தாள், வலிக்கவில்லை. இதை விஜயகலாவிடம் சொல்லவா போகிறாள்?

"நாளைக்கு சீட்டு பிடிச்சா ஜன்னல் பக்கமா பிடி," என்றாள், சுவரைப் பார்த்து.