ராசிக் கண்

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. பின்னால் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகருங்கள். இந்த மின்விசிறி போடுகிற சத்தத்தில் பாதிக் கதை பறந்துவிடும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையையே எதிர்த்து நின்ற ஒரு சின்னக் கண்ணின் கதை சொல்கிறேன்.

உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் அண்ணன் தம்பி இருவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அண்ணன் மாணிக்கவாசகம், எல்லோருக்கும் 'பெரியவர்'. தம்பி பாலகணேஷ், அண்ணன் சொல்லுக்கு மறுசொல் பேசாதவர். தம்பியின் மகள் சிந்து நடை பழகிய வயதில் அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்தது. அதே வருஷம் கடைக்கு மேல் மாடி எழுந்தது. விடுவாரா பெரியவர்? "பொம்பளைப் பிள்ளைக்கு மாறுகண்ணுன்னா மகாலட்சுமில்லா!" என்றார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் சிந்துவைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். முதல் போணி அவள் முகத்தில்தான்.

அவளுடைய அம்மா சுந்தரவல்லிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மயிலாப்பூரில் நீரஜா என்ற கண் டாக்டரிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். கண் ஒரு ஜன்னல்தான், செல்லங்களே. வெளிச்சம் அதன் வழியாக நுழைந்து, உள்ளே பின்திரையில் தலைகீழாகப் படம் போடும். அதை நிமிர்த்திப் பார்ப்பது மூளை. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால் இரண்டு படமும் ஒன்றாகச் சேரும். ஒரு கண் வேறு பக்கம் போனால்? குழந்தையின் மூளை குழம்பிப்போய், 'இந்தப் படம் எனக்கு வேண்டாம்' என்று ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்க ஒதுக்க, அந்தக் கண் பார்க்க மறந்து தூங்கிப்போகும். எழுப்ப வேண்டுமானால் கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, தூங்குகிற கண்ணை வேலை வாங்க வேண்டும். அதுவும் சின்ன வயதிலேயே. வளர்ந்த பிறகு எழுப்புவது பெரும்பாடு.

சிந்துவோ அதற்குள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள், இனி நாள் கடத்த முடியாது.

வீட்டில் சொன்னபோது, "வந்த ராசிய விரட்டுறதுக்கு டாக்டரா?" என்று சிரித்தார் பெரியவர். பாலகணேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வருவதற்கு முன்பே, சுந்தரவல்லி மகளோடு கடை வாசலில் வந்து நின்றாள். சிந்துவின் மூக்கில் புதுக் கண்ணாடி. வலது கண்ணை மூடி ஓர் ஒட்டு.

"என்ன பிள்ள இது? வெள்ளிக்கிழமை அதுவுமா கண்ண மூடிக் கூட்டியாந்திருக்க? கழட்டு!" என்று அதட்டினார் பெரியவர்.

"உங்க ராசிக் கண்ணு தொறந்துதான் இருக்கு அத்தான். நான் மூடுனது நல்ல கண்ண."

பெரியவர் குனிந்து பார்த்தார். மற்றது மூடியிருந்ததால், சாய்ந்தே பழகிய அந்தக் கண் இப்போது நேராக அவரைப் பார்த்தது.

"நேராத்தான பாக்கா! இதுல என்ன குறையக் கண்ட?"

"அப்படியா?" சுந்தரவல்லி கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க வாயத் தொறக்கப்படாது. சிந்து, அப்பா எங்க நிக்காருன்னு காட்டு."

பாலகணேஷ் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். சிந்து கழுத்தை நீட்டித் தேடினாள். பிறகு முகம் மலர, வேட்டி சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையைக் காட்டினாள்.

"அந்தா அப்பா!"

"அய்ய, அது பொம்ம பாப்பா!" என்று சிரித்த விற்பனைப் பெண் பொன்மணி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிந்து பொம்மையைப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்ப்பா பேச மாட்டேங்கீங்க?"

பாலகணேஷ் வாய் திறக்கப் போனார். பெரியவர் முந்திக்கொண்டார். "தள்ளுபடி நேரம்லே கணேசா! ராசி போச்சுன்னா கடை விழுந்திரும்!"

"விழுந்தா தூக்கி நிறுத்த ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க," என்றாள் சுந்தரவல்லி. "எம்பிள்ள கண்ணு விழுந்தா யாரு நிறுத்துவா? மகாலட்சுமி கண்ணு தெரியாமத்தான் உங்களுக்கு அள்ளிக் குடுக்கணுமோ? இனி இவ இந்த ஒட்டோடத்தான் வருவா. பிடிக்கலன்னா அந்தப் பொம்மையக் கல்லாவுல உக்கார வைங்க!"

பாலகணேஷ் வந்து மகளை அள்ளிக்கொண்டார். "அப்பா இங்க இருக்கேன்த்தா." கல்லாப்பெட்டியைத் தாண்டி நடந்தார். உள்ளே தரையில் ரவிக்கைத் துணிகளைப் பரப்பி அவளை உட்கார வைத்தார். "பச்சை எது, நீலம் எது, பிரிச்சு வை பாப்போம்." பிறகு நிமிர்ந்தார். "அண்ணே, இன்னைக்கு முதப் போணி உங்க மூஞ்சிலயே ஆகட்டும்."

"எம் மூஞ்சிலயா?" என்று பெரியவர் வாய் பிளந்தபோது, தள்ளுபடிக் கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது. யாரும் எந்தக் கண்ணையும் தேடவில்லை, சேலையைத்தான் தேடினார்கள்.

அந்தக் கண் முழுசாகச் சரியானதா என்று கேட்கிறீர்களா? டாக்டரே அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஒட்டைப் பிய்த்தெறிந்து பிள்ளை அழுத நாள்கள் நிறைய. சுந்தரவல்லி கூடவே அழுதுகொண்டு மறுபடியும் ஒட்டினாள். தை பிறந்தபோது ஒரு நாள், அதே ஒட்டோடு வாசலில் நின்ற சிந்து, வாய் திறக்காமல் நின்ற அப்பாவிடம் நேராக ஓடினாள். பொம்மைப் பக்கம் திரும்பவே இல்லை.

போய் வாருங்கள், என் கண்மணிகளே. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் இரண்டு கண்ணிலும் ஒளி நிறைந்திருக்கட்டும். அதற்காகச் சண்டை போடுகிற அம்மாவும், தாமதமாகவாவது வாய் திறக்கிற அப்பாவும் உங்கள் வீட்டில் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.