தள்ளி நில்லு

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைக் கோதண்டபாணி அவிழ்க்கத் தொடங்கியபோதுதான் கிருஷ்ணவேணி தலை நிமிர்ந்தாள்.

"இன்னா பண்றீங்க மாமா?"

"நாற்காலியில உக்கார வெக்கணும்மா. கட்டோட எப்படி உக்கார வெக்கிறது?"

கோதண்டபாணி அவள் கணவன் துரைக்கண்ணுவின் அண்ணன். விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் பிட்டர். துரைக்கண்ணு நேற்றுச் சாயங்காலம் போனதும் தந்தி அடித்திருந்தார்கள். காலை பாசஞ்சரில் திண்டிவனம் வந்து இறங்கியவர், கூடவே ஸ்டூடியோக்காரர் முத்துசாமியையும் அழைத்து வந்திருந்தார். வாசலில் வெயில் விழும் இடம் பார்த்து முத்துசாமி மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குன்னு ஒரு படம்கூட இல்ல. ஊர்ல இருக்கிற ஆடு மாடெல்லாம் புடிச்சான். அவன ஒருத்தரும் புடிக்கல. செண்பகத்தையும் பக்கத்துல நிக்க வெச்சி ஒண்ணு எடுத்துடலாம். நாளைக்கு அதுக்கு அப்பன் மூஞ்சி ஞாபகம் இருக்க வேணாமா?"

"அவர எடுத்துக்குங்க. செண்பகம் வேணாம்."

குரல் உயரவில்லை. ஆனாலும் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். கோதண்டபாணி மறுபடி குனிந்து கட்டை அவிழ்த்தார். அவருக்குக் காரணம் தெரியும்.

துரைக்கண்ணு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து மெட்ராசிலிருந்து பழைய பெட்டிக் கேமரா ஒன்று வாங்கி வந்தார். அதில் அவர் முதலில் பிடித்த முகம் மூத்த மகள் தையல்நாயகியுடையது. நாலு வயது. பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படம் கழுவி வந்த பதினோராம் நாள் வாந்திபேதியில் குழந்தை போய்விட்டது.

"படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு தலையில அடிச்சிக்கினேனே, கேட்டீங்களா? நீங்கதான் கொன்னீங்க!"

சாவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் கிருஷ்ணவேணி கத்தினாள். பிறகு அந்தப் படத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். நெகட்டிவையும் போட்டாள். துரைக்கண்ணு தடுக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று, அது சுருண்டு எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதன் பிறகு அவர் மனிதர் யாரையும் படம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒலக்கூர் ஏரியில் நாரைகள். அண்ணன் வீட்டுக்குப் போனால் திருவாமாத்தூர்க் கோயில் வாசலில் அசைபோடும் மாடுகள். எங்கும் போக முடியாத வாரத்தில் பள்ளிக்கூடத்துத் தோட்டமும் மணிக்கூண்டும். செண்பகம் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அவளும் கூடப் போனாள்.

"ஆட்டுக்குட்டியெல்லாம் புடிக்கிறாரும்மா. என்னெ மட்டும் புடிக்க மாட்றாரு" என்று திரும்பி வந்து முறையிடுவாள். கிருஷ்ணவேணி அரிசி களைந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

தையல்நாயகி இறந்த அந்த வருஷம் தெருவில் ஏழு குழந்தைகள் போயின. மற்ற ஆறு பேரை யாரும் படம் பிடிக்கவில்லை. இது கிருஷ்ணவேணிக்கு எப்போதோ தோன்றிவிட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அன்றைக்குச் சொன்னதை எங்கே கொண்டு போய் வைப்பது? நாளைக்குச் சொல்லலாம், செண்பகத்தின் அடுத்த பிறந்தநாளுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். மூன்று வாரம் விஷக்காய்ச்சலில் அவர் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதும் சொல்லவில்லை.

இன்று அந்த ஸ்டாண்டைப் பார்த்ததும் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது.

வேலிப்படலுக்கு அருகில் பள்ளிக்கூடத் தோட்டக்காரர் சவுரிராயன் நின்றிருந்தார். கையில் ஒரு கூடை ரோஜா. உள்ளே வரத் தயங்கினார். கிருஷ்ணவேணி எழுந்து போனாள்.

"மிஷன் துரையம்மா பறிக்கச் சொன்னாங்க. வாத்தியாருக்கு ரோசான்னா உசுரு" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழமையெல்லாம் இப்படித்தாம்மா. பாப்பாவ செடிகிட்ட நிக்க வெப்பாரு. பொட்டிய வயித்துக்கு நேரா வெச்சிக்கினு, குனிஞ்சி பாத்துக்கினே இருப்பாரு. ரொம்ப நேரம் பாப்பாரு. அப்பறம் 'தள்ளி நில்லு கண்ணு'ம்பாரு. பாப்பா தள்ளிப் போனப்பறம்தான் அமுக்குவாரு."

கிருஷ்ணவேணி கூடையை வாங்கிக்கொண்டாள். அலமாரியில் இருக்கும் படங்கள் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் செடி ஒரு ஓரமாக இருக்கும், பெஞ்சு ஒரு ஓரமாக இருக்கும், பக்கத்தில் சும்மா கொஞ்சம் இடம் கிடக்கும். இவருக்கு நடுவில் வைத்துப் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"சீமையில சண்ட வந்ததுலேர்ந்து பிலிம் கெடைக்கிலன்னு சொன்னாரு. ரெண்டு வருசமா பொட்டி காலிதான். ஆனா வர்றத நிறுத்தல. அப்பவும் பாப்பாவ தள்ளிவுட்டுட்டுத்தான் அமுக்குவாரு. நான்கூடக் கேட்டேன். பிலிமுதான் இல்லியே சாரு, புள்ள நின்னுட்டுப் போவட்டுமேன்னு."

"இன்னா சொன்னாரு?"

சவுரிராயன் தரையைப் பார்த்தார்.

"அவ அம்மாவுக்குப் புடிக்காதுன்னாரும்மா."

கிருஷ்ணவேணி கூடையை இடுப்புக்கு மாற்றினாள். கூடையிலிருந்து ஒரு பூ விழுந்தது. சவுரிராயன் குனிந்து எடுத்து மறுபடி கூடையில் வைத்தார்.

வீட்டுக்குள் வந்தவள் தானியக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகத்தைக் கையைப் பிடித்து எழுப்பினாள். முகம் கழுவிவிட்டாள். மாடத்திலிருந்து சீப்பை எடுத்தாள்.

"சாவு வூட்ல தல வாரக் கூடாதுடி" என்றாள் ஒருத்தி.

கிருஷ்ணவேணி காதில் வாங்கவில்லை. சிக்கு எடுத்து, வாரி, இரட்டைப் பின்னல் போட்டாள். தீபாவளிப் பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டாள். நாடாவின் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

வாசலில் துரைக்கண்ணுவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சாயாமல் இருக்க மார்போடு சேர்த்து ஒரு துண்டால் கட்டி, மேலே சால்வையைப் போட்டு மறைத்திருந்தார்கள்.

"பாப்பாவும் நிக்குதா?" என்று முத்துசாமி கோதண்டபாணியைக் கேட்டார்.

"நிக்கிறா" என்றாள் கிருஷ்ணவேணி.

செண்பகத்தை நாற்காலியின் வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தள்ளி நிக்கணுமாம்மா?"

"வேணாம். அப்பாவ ஒட்டி நில்லு."

செண்பகம் ஒட்டி நின்றாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணவேணி நகர்ந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாப்பா, இந்தக் கண்ணாடியையே பாக்கணும். நான் சொல்ற வரைக்கும் ஆடக் கூடாது, தெரிஞ்சிதா?" என்று சொல்லி முத்துசாமி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கேமராக் கண்ணாடியின் மூடியை எடுத்தார். உதட்டுக்குள் எண்ணினார். மூடினார்.

"ஆச்சுங்க" என்றார் கோதண்டபாணியிடம்.

"ஜல்தி தூக்குங்கப்பா, வெயில் ஏறிடுச்சி" என்று கோதண்டபாணி குரல் கொடுத்தார்.

பாடை வந்தது. மார்புக் கட்டை அவிழ்த்து அவரை நாற்காலியிலிருந்து தூக்கினார்கள். பெண்கள் எழுந்து மார்பில் அடித்துக்கொண்டு தெருமுனை வரை பின்னால் ஓடினார்கள். யாரோ இருவர் கிருஷ்ணவேணியின் தோளைப் பிடித்திருந்தார்கள். சவுரிராயன் கொடுத்த ரோஜாக்களைக் கூட்டத்தில் யார் யாரோ வழியெல்லாம் இறைத்துக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் ரயில் கேட்டைத் தாண்டி மெல்லக் குறைந்தது.

கிருஷ்ணவேணி தெருமுனையிலிருந்து திரும்பி வந்தபோது முத்துசாமி ஸ்டாண்டை மடக்கிக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். வாசல் கழுவக் குடங்களில் தண்ணீர் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். வெயிலில், நாற்காலியின் கையைப் பிடித்தபடி, மோவாயைத் தூக்கி நேரே பார்த்துக்கொண்டு, செண்பகம் இன்னும் ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள்.