பூச்சியின் சாட்சி

"பூச்சிக்குப் பொய் சொல்லத் தெரியுமாடி?" என்று அத்தை ஒருமுறை என்னைக் கேட்டாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவளிடம் கேட்கக்கூடிய கேள்விதான். தெரியாது என்று தலையாட்டினேன். நான் வாயே திறப்பதில்லை என்பதால் அத்தை எனக்கு வைத்த பெயர் வாயாடி.

அத்தையும் மாமாவும் சுவடி நூலகத்தின் மாடியறையில், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நூலைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓலையைப் படிப்பேன். அவர்கள் ஆளுக்கொரு படியில் சரிபார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வேலை. கல்யாணமே அந்த வேலையில் ஒரு பகுதி என்று அத்தை சொல்வாள்.

நூல் ஒரு வணிகனைப் பற்றியது. கப்பலேறிப் போகிறான், பல வருஷம் கழித்து வருகிறான், மனைவி சோறு போடுகிறாள். ஒரே ஓர் ஓலையில் மட்டும் அவள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். ஓலைகளின் இடது ஓரம் நொறுங்கி எண்கள் போய்விட்டன. கோத்திருந்த கயிறும் எப்போதோ இற்றுவிட்டது. அந்த ஓலை எங்கே இருந்தது என்று இவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மாமா அதை முதலில் வைத்தார். கோபித்துக்கொண்டு போனவள் மனம் மாறி வந்து காத்திருந்தாள், சுபம். அத்தை கடைசியில் வைத்தாள்.

"போறவ எதுக்குச் சோறு போட்டுட்டுப் போகணும்?" என்றார் மாமா.

"பசியோட வந்தவனை வேற என்னங்க பண்றது?"

மாமாவின் முன்னுரை ஏற்கெனவே அச்சகத்துக்குப் போயிருந்தது. 'இணைந்த இல்லறம்' என்று தலைப்பு. அதையே பல மேடைகளில் பேசிச் சால்வையும் வாங்கியிருந்தார்.

"அட்டையில என் பேரு வேணாங்க. அந்த ஓலை மட்டும் அதோட இடத்துல இருக்கட்டும்," என்றாள் அத்தை.

"பேரு போட்டுக்கோயேன். ஓலையை விடு."

ஒருநாள் மாலை அத்தை அந்த ஓலையின் அழுக்கைத் துடைத்து எண்ணெய் பூசும்போது, அடைந்திருந்த மண் உதிர்ந்து ஒரு துளை தெரிந்தது. அப்போதுதான் பூச்சியைப் பற்றி என்னிடம் கேட்டாள். சுவடியின் பின்பக்கம் நுழைந்த பூச்சி கடைசி ஓலைகளை வரிசையாகத் துளைத்திருந்தது. பாதி வழியில் அதற்கே அலுத்துவிட்டது போல. முதல் ஓலைகளில் துளையே கிடையாது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எண்ணெய் காயட்டும். நாளைக்கு அடுக்கிப் பாப்போம். பூச்சி சொன்னா நான் கேட்டுக்கறேன்."

மறுநாள் காலையில் அத்தைக்குப் பல்வலியில் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் கிளம்பினாள். "வாயாடி, நான் வர்ற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது," என்றாள்.

அவள் போனதும் மாமா பிளாஸ்க்கை என் கையில் கொடுத்து டீ வாங்கி வரச் சொன்னார். பக்கத்துக் கடையில் டீ நன்றாக இருக்காது, தள்ளியிருக்கும் கடைக்குப் போ என்றார். திரும்பி வந்தபோது மேசையில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் ஓலைத்தூளும் பசையும் குழைத்த மிச்சம். அந்த ஓலையின் துளை அடைபட்டிருந்தது.

"ஓட்டை பெருசாகிடக் கூடாதுல்ல," என்றார் மாமா. "பாதுகாப்புதான் முதல் வேலை."

ஓலையைப் பழுதுபார்ப்பதில் மாமாவின் கை சுத்தம் என்று நூலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். சுத்தமாகத்தான் இருந்தது.

அத்தை பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் பஞ்சைக் கடித்தபடி வந்தாள். சாயங்காலம் வரை பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பையைக்கூடக் கீழே வைக்காமல் கடைசி ஓலைகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். துளை வழியே வெளிச்சம் வந்தது. பின்னால் அந்த ஓலையை வைத்தாள். வெளிச்சம் நின்றது.

"பாத்தியா?" என்றார் மாமா. "பூச்சி இதுல வரவே இல்ல."

அத்தை ஓலையைத் திருப்பினாள். நகத்தால் அந்த இடத்தை லேசாகத் தொட்டாள். ஈரம் இருந்தது. பிறகு மாமாவின் விரல்களைப் பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லும்மா. சும்மா நின்னா ஒத்துக்கிட்டேன்னுதான் அர்த்தம்."

"அவங்க வாயில பஞ்சு இருக்கு மாமா," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அத்தை ஓலைகளை மேசையில் வைத்தாள். மாமாவின் டம்ளரைத் துடைத்து, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். மேசை விளக்கை அணைத்தாள். படியிறங்கிப் போனாள்.